வெஸ்டாவின் ஒளியும் விண்கற்களின் வம்சமும்

வானத்திலிருந்து விழும் கற்கள் எங்கே பிறந்தன என்று நிர்ணயிப்பது பல தலைமுறை விஞ்ஞானிகளுக்கு எட்டாத காரியமாகவே இருந்துவந்தது. கல் கையில் இருக்கும். அது பிரிந்துவந்த தாய்க்கோளோ கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால், தொலைநோக்கியிலும் வெறும் புள்ளியாகவே தென்படும். இவ்விரண்டிற்குமுள்ள உறவை அறிவித்தது, இரண்டின் மீதும் பட்டுத் திரும்பும் ஒளியே.

எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான யூக்ரைட் என்னும் வகையைச் சேர்ந்த விண்கல் ஒன்றை உடைத்துப் பார்த்தால், வெளியே தார் பூசியதுபோல் பளபளக்கும் கரிய மேலோடும், உள்ளே சாம்பல் கலந்த வெண்மையும் தெரியும். வெண்மை பெல்ஸ்பாருடையது, சாம்பல் பைராக்சீனுடையது. கண் சொல்லக்கூடியது இவ்வளவே. அக்கல்லைத் தூளாக்கித் தட்டில் பரப்பி, அலைநீளம் அலைநீளமாக ஒளியைச் செலுத்தி, திரும்பிவரும் அளவை, விழும் ஒளி ஏறக்குறைய முழுவதையும் திருப்பிவிடும் வெண்பொருள் ஒன்றின் அளவோடு ஒப்பிட்டு வரைபடமாக்கினாலோ, அகச்சிவப்புப் பகுதியில் 0.9 மைக்ரானுக்கு அருகே ஒன்றும், 2 மைக்ரானுக்கு அருகே மற்றொன்றுமாக இரண்டு பள்ளங்கள் விழக் காண்போம். பைராக்சீன் படிகத்தில் அமர்ந்துள்ள இரும்பு அயனியின் எலெக்ட்ரான்கள், சூழ்ந்திருக்கும் ஆக்சிஜன் அணுக்களின் மின்புலத்தால் வெவ்வேறு சக்தி நிலைகளை எய்தி, அந்நிலைகளின் இடைவெளிக்கு ஒத்த ஒளியைக் கிரகித்துக்கொள்வதே இதற்குக் காரணம். இரும்பும் கால்சியமும் மிகுந்தால் பள்ளங்கள் நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகரும். ஒலிவைனுக்கோ இரண்டாவது பள்ளமே கிடையாது. ஆகவே கனிமத்தின் பெயரோடு அதன் ரசாயனச் சேர்க்கையையும் ஓரளவு ஊகிக்க இடமுண்டு.

1807-ல் பிரெமன் நகரில் ஓல்பெர்ஸ் கண்டுபிடித்த வெஸ்டா என்னும் சிறுகோளின் ஒளியை 1970-ல் மக்கார்டு, ஆடம்ஸ், ஜான்சன் ஆகிய மூவரும் இவ்விதம் பகுத்து ஆராய்ந்தபோது, யூக்ரைட்டுக்குரிய 0.9 மைக்ரான் பள்ளம் அதிலும் இருக்கக் கண்டனர். எரிமலைக் குழம்பு உறைந்த பாறை, சுமார் 525 கிலோமீட்டர் விட்டமே உள்ள ஒரு சிறுகோளில்! எனினும் ஐயம் தீரவில்லை. வெஸ்டா சுற்றும் இடத்திலிருந்து பூமிக்குக் கற்கள் வருவது எளிதன்று. வியாழன் ஒருமுறை சுற்றுவதற்குள் மும்முறை சுற்றும் பாதைக்கு அவை முதலில் போய்ச் சேர்ந்தால்தான், வியாழனின் ஈர்ப்பு அவற்றை உள்நோக்கித் திருப்பிவிடும். 1993-ல் பின்செல், ஷூ ஆகிய இருவர், வெஸ்டாவின் ஒளிச்சாயலையே கொண்ட சிறுசிறு கோள்கள் அப்பாதை வரையில் சிதறிக் கிடப்பதைக் காட்டினர். முதற் கண்டுபிடிப்பைக் காட்டிலும் இதுவே சாமர்த்தியம் மிகுந்தது என்பது என் அபிப்பிராயம். சாயல் ஒத்திருப்பதைக் காண்பது ஒன்று, வந்த வழியைக் காட்டுவது வேறு. பின்னர் 2011-ல் வெஸ்டாவை அடைந்த டான் விண்கலம், அதன் தென்துருவத்தில் அச்சிறு கோள்கள் பெயர்ந்து சிதறிய இடமாகக் கருதப்படும், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் அகலமுள்ள ரியாசில்வியா என்னும் மோதற்பள்ளத்தை அருகிருந்து அளந்தது.

ஆயினும் ஒளியின் சாட்சியத்தை எங்கும் அப்படியே ஏற்பதற்கில்லை. பூமியில் மிகுதியாக விழும் சாதாரண காண்டிரைட்டு என்னும் விண்கற்களுக்கு, அவற்றின் தாயகமென்று கருதப்பட்ட S வகைச் சிறுகோள்களின் ஒளி நெடுங்காலம் ஒத்துவராமலே இருந்தது. அச்சிறுகோள்களின் ஒளி சிவந்தும், பள்ளங்கள் ஆழம் குன்றியும் காணப்பட்டன. 2010-ல் ஹயபுசா விண்கலம் இட்டோகாவா என்னும் S வகைச் சிறுகோளிலிருந்து கொணர்ந்த தூசித் துகள்கள் காண்டிரைட்டு வகையினவே என்றும், சூரியக் காற்றின் தாக்குதலால் அவற்றின் மேற்பரப்பில் நுண்ணிய இரும்புத் துணுக்குகள் படிந்து நிறத்தைத் திரித்திருந்தன என்றும் சோதனையில் தெளிவாயிற்று. வெஸ்டாவிலோ இத்தகைய இரும்புப் படிவு மிகக் குறைவு.