செட்டிநாட்டு வீடு

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள ஊர்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய பெருவீடுகள் செட்டிநாட்டு வீடுகள் எனப்படுகின்றன. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் இவ்வீடுகளைக் கானாடுகாத்தான், காரைக்குடி, ஆத்தங்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை முதலிய ஊர்களில் இன்றும் தெருத்தெருவாகக் காணலாம். செல்வச் செழிப்பின் சின்னமாகவே இவை பெரிதும் பேசப்படுகின்றன. ஆனால், பல குடும்பங்களை ஒரே கூரையின்கீழ் தனித்தனிக் கணக்கோடு வாழவைத்த ஏற்பாட்டில்தான் இவற்றின் உண்மையான சிறப்பு இருக்கிறது.

நகரத்தாரின் மரபுவழி வரலாறு, அவர்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்குக் குடிபெயர்ந்ததாகச் சொல்கிறது. தெருவைவிட உயர்ந்து நிற்கும் வீட்டுத் தளம், அங்கே நேர்ந்த பழைய கடல்கோளின் நினைவால் வந்தது என்று கூறுவோர் பலர். ஈரமும் கறையானும் ஏறாமலிருக்கத் தளத்தை உயர்த்துவது மற்ற ஊர்களிலும் உள்ள வழக்கம் என்பதால், கடல்கோளையே உறுதியான காரணமாகக் கொள்வதற்கில்லை. இன்று நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிற்பட்டவை.

இவற்றைக் கட்டிய பணம் கடல் கடந்து வந்தது. 1852 போருக்குப்பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி வடிநிலத்து அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்ததும், உழவருக்கு வேண்டிய கடனைக் கொடுத்தவர்களுள் நகரத்தார் முன்னணியில் நின்றனர். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று ‘கொண்டுவிற்க’ப் போன ஆண்கள் மூன்றாண்டுத் தவணைகளில் ஊர் திரும்பினர். அவர்கள் ஈட்டிய பணம் பிறந்த ஊரில் வீடாக எழுந்தது. ஆண்கள் கடல் கடந்திருந்த காலமெல்லாம் அவ்வீடுகளைக் கட்டிக் காத்தவர்கள் நகரத்தார் பெண்களான ஆச்சிமார்.

வீட்டின் அமைப்பில் முதலில் வருவது முகப்பு. அங்கே உயர்ந்த திண்ணைகளும் வந்தவரோடு கணக்கு வழக்குப் பேச இடமும் இருக்கும். அதைக் கடந்தால் வளவு: வானம் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தூண் வரிசை, தூண்களுக்குப் பின்னே வரிசையாக அறைகள். கல்யாணம் முதலான சடங்குகள் நடப்பது வளவில்தான். இரண்டாம் கட்டில் பந்தி நடக்கும். சமையலும் கிணறும் அதற்கும் பின்னே. நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், முன்வாசலில் நிற்பவருக்குப் பின்கட்டின் வெளிச்சம் வரை தெரியும்.

வளவைச் சுற்றிய அறைகள் படுப்பதற்கென்று கட்டப்பட்டவை அல்ல. திருமணமான ஒவ்வொரு மகனும் ஒரு ‘புள்ளி’. அவனுக்கென ஓர் அறை உண்டு. திருமணத்துக்குப்பின் மகனை ‘வேறு வைப்பது’ வழக்கம். வீடு ஒன்றுதான், ஆனால் அடுப்பும் செலவும் வேறு. மருமகள் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்களும் பட்டும் நகையும் அந்த அறையிலேயே பூட்டப்பட்டிருக்கும். கூட்டுக்குடும்பத்துக்குள் இத்தனை தெளிவாகத் தனியுடைமைக்கு இடம் ஒதுக்கிய வீட்டமைப்பைப் பார்ப்பது அரிது.

கட்டுமானப் பொருள்கள் கப்பலேறி வந்தன. பர்மாத் தேக்கு தூணும் உத்தரமுமானது. இத்தாலியிலிருந்து பளிங்கும், இங்கிலாந்திலிருந்து வார்ப்பிரும்பும், ஜப்பானிலிருந்து பூவேலை ஓடுகளும் வந்தன. ஆனால் கண்ணை நிறுத்துவது உள்ளூர்க் கைவேலைதான். சுண்ணாம்புச் சாந்தைப் படலம் படலமாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். நூறாண்டு கடந்த சுவரில் இன்றும் கை வழுக்குகிறது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை வார்ப்பது அதைவிட அழகு. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துவார்கள். பிறகு நீரில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். சூளையே தேவையில்லை, மேற்பரப்பின் வழவழப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது.

மழைக்காலத்தில் நான்கு புறக் கூரையின் நீரும் முற்றத்தில் இறங்கும். அண்டாக்களில் பிடித்தது போக மிஞ்சியது வடிகால் வழியே ஊருணியை நோக்கி ஓடும். மழை குறைந்த இந்த மண்ணில், வீட்டின் வடிவத்தை உண்மையில் தீர்மானித்தது நீர்தான் என்று தோன்றுகிறது.

பிற்காலத்தில் மாடிகளும், மேலைநாட்டுப் பாணித் தூண்களும், சுதை உருவங்கள் நிறைந்த முகப்புகளும் சேர்ந்தன. 1912இல் முடிந்த கானாடுகாத்தான் அரண்மனை இந்தப் போக்கின் உச்சம். அதைக் கட்டிய அண்ணாமலை செட்டியாரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்.

சரிவு வெளியிலிருந்து வந்தது. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை வீழ்ந்து, கடன்பட்டோரின் நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்களிடம் இருந்தது. நிலத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948இல் பர்மிய விடுதலை, தொடர்ந்து நாட்டுடைமைச் சட்டங்கள் என்று அத்தனையும் போயிற்று. புதிய பெருவீடுகள் எழுவதும் ஏறத்தாழ நின்றது.

அதன்பின், வீடு பங்காளிகள் பலரின் பொதுச் சொத்தாகவே நீடித்தது. பழுதுபார்க்கவும் விற்கவும் எல்லோரும் ஒப்ப வேண்டும். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிரித்து விற்கப்பட்ட வீடுகளின் தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின.

அப்படிப் பிரிக்கப்பட்ட ஒரு வணிகர் வீடு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. சில வீடுகள் விடுதிகளாகியுள்ளன. சிலவற்றில் திரைப்படங்கள் எடுக்கப்படுகின்றன. வெளியூரில் வாழும் பங்காளிகள் கல்யாணத்துக்கென்று வந்து வளவைத் திறந்து, வெள்ளையடித்து, பந்தல் போடுகிறார்கள்.