கணக்குப் போட்டது யார்? 2008 விலையேற்றமும் அமெரிக்காவின் பெரிய எஸ்.யு.வி. சந்தையும்

2008 ஜூன் 3 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் வட அமெரிக்காவில் நான்கு ஆலைகளை மூடப்போவதாக அறிவித்தது. நான்கும் பிக்கப், எஸ்.யு.வி., டிரக் செய்யும் ஆலைகள். விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் அவற்றில் ஒன்று. டாஹோ, சபர்பன், யூகான் ஆகிய பெரிய வண்டிகள் அங்கே உருவாகின. பெட்ரோல் விலையேற்றத்தைத் தற்காலிகமாகக் கருத முடியாது, சந்தையின் அமைப்பே மாறிவிட்டது என்பது நிறுவனத் தலைவர் ரிக் வாகனரின் நிலைப்பாடு. ஒரு மாதம் கழித்துச் சாதாரண பெட்ரோலின் தேசியச் சராசரி விலை கேலனுக்கு 4.11 டாலரைத் தொட்டது. டிசம்பர் 23 அன்று ஜேன்ஸ்வில்லில் எஸ்.யு.வி. உற்பத்தி நின்றபோது அதே பெட்ரோல் 1.70 டாலருக்கும் கீழே விற்றது.

இந்தச் சரிவுக்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. பெட்ரோல் விலை ஏறியது, செலவு கட்டுப்படியாகவில்லை, மக்கள் பெரிய வண்டியைக் கைவிட்டார்கள். விளக்கம் தவறல்ல, ஆனால் பாதிதான். பெட்ரோல் பங்கில் செலுத்தும் பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சரிவின் வேகம் புரியாது. விலையேற்றம் தேவையைத் தாக்கிய முதன்மை வழி பழைய வண்டிச் சந்தை. அதாவது மறுவிற்பனை மதிப்பு. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஓட்டுவதையும் வாங்குவதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஹியூஸ், நிட்டல், ஸ்பெர்லிங் ஆகியோரின் 2008 ஆய்வின்படி, 1975–80 காலத்தில் விலை 10 சதவீதம் ஏறினால் பெட்ரோல் பயன்பாடு குறுகிய காலத்தில் 2 முதல் 3 சதவீதம் வரை குறைந்தது. 2001–06 காலத்தில் அதே ஏற்றத்துக்கு ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. புறநகரில் வீடு, நாற்பது மைல் தள்ளி வேலை, பேருந்து கிடையாது என்றால் விலை எவ்வளவு ஏறினாலும் வண்டியை எடுத்துத்தான் ஆக வேண்டும். வாங்குவதோ வேறு கதை. புஸ்ஸே, நிட்டல், செட்டல்மேயர் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெட்ரோல் ஒரு டாலர் ஏறும்போது, மிகக் குறைந்த மைலேஜ் தரும் கால்பங்கு புதிய வண்டிகளின் சந்தைப் பங்கு நான்கில் ஒரு பகுதிக்கு மேல் சரிகிறது. மிக அதிக மைலேஜ் தருபவற்றின் பங்கு ஐந்தில் ஒரு பகுதி அளவுக்கு உயர்கிறது. ஓட்டும் பழக்கம் அசையாத அதே ஆண்டுகளில் வாங்கும் தேர்வு இப்படி ஆடியிருக்கிறது.

அப்படியானால் வாங்குபவர் வீட்டில் உட்கார்ந்து எரிபொருள் கணக்குப் போட்டாரா? போடவில்லை என்றே தெரிகிறது. டரன்டைனும் குரானியும் கலிபோர்னியாவில் 57 குடும்பங்களைப் பேட்டி கண்டு 2007இல் எழுதினார்கள். வண்டி வாங்கும் முடிவில் எரிபொருள் செலவை முறையாகக் கணக்கிட்ட குடும்பம் ஒன்றுகூட இல்லை. போட்டாலும் தப்பாகத்தான் போடுவோம் என்பதை லாரிக், சோல் ஆகியோரின் 2008 ஆய்வு காட்டியது. ஆண்டுக்கு 10,000 மைல் ஓடும் வண்டி கேலனுக்கு 10 மைலிலிருந்து 20 மைலுக்கு மாறினால் 500 கேலன் மிச்சம். 25இலிருந்து 50க்கு மாறினால் 200 கேலன்தான். இரண்டாவதே பெரிய லாபம் என்று பெரும்பாலோர் மனத்தில் படுகிறது. (மைலேஜைத் தலைகீழாக்கி, நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்று எழுதியிருந்தால் இந்த மயக்கமே வந்திருக்காது.)

இங்கே ஒரு முரண் எழுகிறது. குடும்பங்கள் கணக்குப் போடுவதில்லை. ஆனால் சந்தை கணக்குப் போட்டதுபோலவே நடந்துகொள்கிறது. ஆல்காட், வோஸ்னி இருவரின் 2014 மதிப்பீட்டில், வருங்கால எரிபொருள் செலவின் ஒரு டாலரை வாங்குபவர்கள் வண்டி விலையின் 76 காசுக்குச் சமமாக எடைபோடுகிறார்கள். புஸ்ஸே குழுவினரோ, வாங்குபவரிடம் குறுகிய பார்வைக்கான தடயமே அதிகம் இல்லை என்கிறார்கள். இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி அவர்களுடைய இன்னொரு முடிவில் இருப்பதாக நான் கருதுகிறேன். பெட்ரோல் ஒரு டாலர் ஏறினால் அதிக மைலேஜ், குறைந்த மைலேஜ் ஆகிய இரு கால்பங்கு வண்டிகளுக்கிடையே விலை இடைவெளி புதிய வண்டிகளில் 350 டாலர் அளவே மாறியது. பழைய வண்டிகளில் 1,900 டாலருக்கும் மேல். புதிய வண்டி விற்காவிட்டால் ஆலையில் ஒரு ஷிப்டைக் குறைக்கலாம். பழைய வண்டிகளோ ஏற்கெனவே சாலையில் இருப்பவை. எண்ணிக்கையைக் குறைக்க வழியில்லாததால் முழு அடியும் விலையில் விழுகிறது. கணக்கைப் போடுவது பழைய வண்டி ஏலக்கூடமும் கடன் நிறுவனமும். குடும்பம் அதன் விடையை, பழைய வண்டியைக் கொடுக்கப் போகும்போது டீலர் சொல்லும் தொகையில் பார்த்துக்கொள்கிறது.

எண்களை வைத்தே பார்க்கலாம். கேலனுக்கு 14 மைல் தரும் பெரிய எஸ்.யு.வி. ஒன்று, 24 மைல் தரும் செடான் ஒன்று. இரண்டும் ஆண்டுக்கு 12,000 மைல் ஓடுகின்றன. எஸ்.யு.வி. 357 கேலன் கூடுதலாகக் குடிக்கும். பெட்ரோல் ஒரு டாலர் ஏறினால் செடானைவிட அதற்கு மாதம் சுமார் 30 டாலர் கூடுதல் சுமை. நாற்பதாயிரம் டாலர் கொடுத்து வண்டி வாங்கும் குடும்பத்துக்கு இது பெரிய தொகை அல்ல. அதே வண்டியை மூன்றாண்டு லீஸில் எடுப்பவரைப் பாருங்கள். மூன்றாண்டு முடிவில் வண்டிக்கு இருக்கும் மதிப்பைக் கழித்துத்தான் மாதத் தவணை போடுகிறார்கள். அந்த மதிப்பு 1,900 டாலர் இறங்கினால் 36 மாதத்தில் பரவி மாதத்துக்கு 53 டாலராகிறது. இது தோராய ஒப்பீடுதான். ஆனாலும் அதற்குள் ஒளிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். வண்டியின் ஆயுள் பதினைந்து ஆண்டு. நான்காம் ஆண்டிலிருந்து அதை ஓட்டப்போகும் யாரோ ஒருவர் போடவிருக்கும் பெட்ரோலுக்கும் சேர்த்து முதல் மூன்றாண்டுக்காரர் பணம் கட்டுகிறார். மறுவிற்பனைச் சரிவும் எரிபொருள் செலவின் இன்னொரு உருவந்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் சில்லறையாகப் பதினைந்து ஆண்டில் வரவேண்டிய செலவு மொத்தமாக, இன்றைக்கே, ஒரே ஆள் தலையில் விழுவதுதான் தேவையை முறிக்கிறது.

2008இன் நிகழ்வுகள் இந்த வாசிப்போடு ஒத்துப்போகின்றன. அவ்வாண்டு இரண்டாம் காலாண்டில் ஃபோர்டின் கடன் பிரிவு லீஸ் வண்டிகளின் மதிப்பிழப்புக்காக 210 கோடி டாலரை நட்டமாக எழுதியது. கிரைஸ்லரின் நிதி நிறுவனம் லீஸ் தொழிலையே விட்டது. அதே கிரைஸ்லர் மே மாதத்தில், புது வண்டி வாங்குவோருக்கு மூன்றாண்டுக்குப் பெட்ரோல் கேலன் 2.99 டாலருக்கு மேல் போகாது என்று உத்தரவாதம் கொடுத்துப் பார்த்தது. பங்கில் கொடுக்கும் காசுதான் வாங்குபவரைத் தடுத்தது என்றால் இந்தச் சலுகை எடுபட்டிருக்க வேண்டும். விற்பனைச் சரிவு நிற்கவில்லை. உத்தரவாதம் மூன்றாண்டுப் பெட்ரோலுக்குத்தான். மூன்றாண்டு கழித்து வண்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்பதற்கு அல்ல.

எல்லாவற்றையும் பெட்ரோல் தலையில் கட்டிவிடவும் கூடாது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் 2000இல் அமெரிக்காவில் சுமார் 4.45 லட்சம் விற்றது. 2008இல் 80,000ஐக்கூட எட்டவில்லை. இடையில் அதில் பொருத்திய ஃபயர்ஸ்டோன் டயர்களின் பாதுகாப்பு விவகாரம் வந்தது, கார் அடித்தளத்தில் கட்டிய கிராஸ்ஓவர்கள் வந்தன. வீட்டுமனைச் சந்தை சரிந்ததில் கட்டடக்காரர்கள் பிக்கப் வாங்குவதை நிறுத்தினார்கள். 2008 செப்டம்பருக்குப் பிறகு கடனே கிடைக்கவில்லை. எஸ்.யு.வி. விற்பனை ஏறிய காலத்துக்கும் மலிவு பெட்ரோல் மட்டும் காரணமல்ல. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த மைலேஜ் விதிகள் எஸ்.யு.வி.யை இலகு டிரக் கணக்கில் சேர்த்தன. காருக்கு 27.5 மைல் கேட்ட அரசு டிரக்குக்கு 20.7 மைலோடு நின்றது. 2003இல் 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டியைத் தொழிலுக்கு வாங்கினால் ஒரு லட்சம் டாலர் வரை அதே ஆண்டில் வரிக்கழிவு பெறலாம் என்றாகி, மறு ஆண்டே எஸ்.யு.வி.க்கு அது 25,000ஆகக் குறைக்கப்பட்டது.

வாதத்துக்குச் சோதனையாக 2022 அமைந்தது. ஜூனில் பெட்ரோல் சராசரி 5 டாலரைத் தாண்டியது. 2008 போன்ற சரிவு நிகழவில்லை. பணவீக்கத்தைக் கழித்தால் விலை 2008இன் உச்சத்தை எட்டவில்லை என்பது ஒரு காரணம். சிப் தட்டுப்பாட்டால் புதிய வண்டி கிடைக்காமல் பழைய வண்டிகள் வரலாறு காணாத விலைக்குப் போய்க்கொண்டிருந்தன என்பதே எனக்கு முக்கியமாகப் படும் காரணம். பெட்ரோல் ஏறியது, மறுவிற்பனை மதிப்பு விழவில்லை, வாங்குபவர் அசையவில்லை.

விலை இறங்கியதும் பெரிய வண்டிகள் ஏன் அவ்வளவு விரைவில் திரும்பின என்பதற்கும் இங்கேயே விடை உண்டு. ஆண்டர்சன், கெல்லாக், சாலி ஆகியோர் மிச்சிகன் பல்கலைக்கழகக் கணக்கெடுப்பை ஆராய்ந்து, இன்றைய விலையே நாளையும் நீடிக்கும் என்றுதான் சராசரி நுகர்வோர் எதிர்பார்க்கிறார் என்று காட்டினார்கள். பெரும்பாலான காலத்துக்கு இது பொருந்துகிறது. 4 டாலர் பெட்ரோலை வைத்துச் சரிந்த மறுவிற்பனை மதிப்பு 2 டாலர் பெட்ரோல் வந்ததும் அதே வழியில் ஏறிவிடுகிறது. மிச்சிகனின் வெய்ன் ஆலையில் பெரிய எக்ஸ்பெடிஷன் எஸ்.யு.வி. செய்வதை நிறுத்தி, சிறிய ஃபோக்கஸ் காருக்கு மாற்றும் திட்டத்தை ஃபோர்டு 2008இல் அறிவித்தது. 2018இல் அங்கு ஃபோக்கஸ் நின்று ரேஞ்சர் பிக்கப் வந்தது. பின்னர் பிராங்கோ எஸ்.யு.வி.யும் சேர்ந்தது. நிலைத்த மாற்றம் வண்டியின் அடியில் நடந்தது. 2011 மாடல் எக்ஸ்ப்ளோரர் டிரக் சட்டகத்தை விட்டுக் கார் அடித்தளத்துக்கு மாறியது. மைலேஜ் கூடியது, உருவம் குறையவில்லை.

கொள்கை வகுப்போருக்கு இதிலிருந்து கிடைப்பது, வரியை எங்கே வைப்பது என்பதற்கான ஒரு குறிப்பு. ஏறி இறங்கும் பெட்ரோல் விலை, வாங்கும் நாளில் தற்செயலாக என்ன அளவில் இருக்கிறதோ அதைக்கொண்டு பதினைந்து ஆண்டு ஓடப்போகும் வண்டியைத் தீர்மானிக்கிறது. வரியை வாங்கும் நாளிலேயே, வண்டியின் மீதே விதித்தால் இந்தத் தற்செயல் நீங்கும். பிரான்ஸ் 2022 முதல் 1,800 கிலோவுக்கு மேற்பட்ட புதிய கார்களுக்குக் கூடுதல் கிலோ ஒவ்வொன்றுக்கும் 10 யூரோ விதித்தது. 2024இல் வரம்பை 1,600 கிலோவாக இறக்கியது. தொடங்கியபோது மின்கார்களுக்கு அதில் விலக்கு இருந்தது. பெட்ரோல் விலையின் பிடியிலிருந்து முழுதும் விலகிய கனமான வண்டிகள் இனி அந்த வகையிலிருந்துதான் வரப்போகின்றன.