பல் குழியில் கண்ணாடி விரியன்

பல் பிடுங்கிய குழியில் பஞ்சை வைத்து இறுகக் கடிக்கச் சொல்வதே இன்றும் முதல் வைத்தியம். பெரும்பாலோருக்கு அதுவே போதும். ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய் உள்ளவர்களுக்கோ ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதே உயிருக்கு உலை வைப்பதாக இருந்தது. லண்டனில் மருத்துவர் மக்ஃபர்லேனும், விலங்குக்காட்சிச் சாலையின் ஊர்வனப் பிரிவைக் கவனித்த பர்கெஸ் பார்னெட்டும் பல பாம்புகளின் நஞ்சைச் சோதித்து, 1934இல் கண்ணாடி விரியனிடம் வந்து சேர்ந்தார்கள். அதன் நஞ்சை மிக நீர்த்த கரைசலாக்கிக் குழியில் வைத்ததும் உறையாத ரத்தம் உறைந்தது. ஹீமோபிலியாவில் குறைந்திருக்கும் உறைகாரணியைத் தாண்டி, அடுத்த படியில் உள்ள பத்தாம் காரணியை இந்த நஞ்சு நேராகத் தூண்டிவிடுகிறது. கடிபட்டவர் உடலிலும் நடப்பது அதே தூண்டல்தான். அங்கே உறைகாரணிகள் அத்தனையும் செலவழிந்துபோவதால், கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்தாலும் அவருடைய ரத்தம் உறைவதில்லை. கொல்வதும் காப்பதும் இங்கே இடத்தையும் அளவையும் பொறுத்தவை.

இதை மருத்துவ வரலாற்றின் விநோதமாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு இது பாதி விடையாகப் படுகிறது. ரத்தத்தை உறைய வைப்பது ஒரு வேலை, உறைந்த கட்டியைக் குழியிலேயே நிலைக்க வைப்பது வேறு வேலை. வாயில் இரண்டாவதுதான் கடினம்: நாக்கு துழாவுகிறது, உணவு உரசுகிறது, கட்டியைக் கரைக்கும் நொதியைத் தூண்டும் பொருள்கள் உமிழ்நீரிலேயே இருக்கின்றன. மறுநாள் ரத்தம் மீண்டும் கசிவதற்கு இந்தக் கரைதலும் ஒரு காரணம். ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் அவருடைய கணவர் ஷோசுகேவும் 1962இல் அறிவித்த டிரானெக்ஸாமிக் அமிலம் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. அது கட்டியை உண்டாக்குவதில்லை, கரையவிடாமல் காக்கிறது.

ஹீமோபிலியா உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் குறைந்திருக்கும் எட்டாம் உறைகாரணியைச் செலுத்த முடிந்ததே உண்மையான தீர்வு என்று மறுக்கலாம். 1964இல் ஜூடித் பூல் கண்ட, அந்தக் காரணி செறிந்த குளிர்வீழ்படிவு பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1972இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், டிரானெக்ஸாமிக் அமிலம் பெற்ற ஹீமோபிலியா நோயாளிகளுக்குப் பல் பிடுங்கியபின் ரத்த இழப்பும் உறைகாரணித் தேவையும் குறைந்தன. பலருடைய பிளாஸ்மாவை ஒன்றுசேர்த்துத் தயாரித்த உறைகாரணி மருந்து வழியே 1980களில் ஆயிரக்கணக்கானோருக்கு எச்ஐவி தொற்றியதை நினைத்தால், அந்தக் குறைவின் மதிப்பு புரியும். 1989இல் டென்மார்க் ஆய்வாளர்கள், ரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களிடம் டிரானெக்ஸாமிக் அமிலத்தையே வாய் கொப்பளிக்கும் நீராகச் சோதித்தார்கள். மாத்திரையை நிறுத்தாமலே வாயில் அறுவை செய்ய முடிந்தது, ரத்தப்போக்கும் வெகுவாகக் குறைந்தது.