கள்ளியை வென்ற பூச்சி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையோரம் தொழிற்சாலைகளைக் காணலாம். பலவற்றின் முன்னே புல்தரையும் பூஞ்செடிகளும் உண்டு. செடியில் பூச்சியைக் கண்டதும் மருந்து தெளிக்கவே நம் கை நீளுகிறது. ஆனால், மருந்தின்றிப் பகையை ஒழித்த வரலாறு ஒன்று உண்டு. அதன் தொடக்கம் தொலைவில் இல்லை, சென்னை சைதாப்பேட்டையில்தான்!

1780-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அங்கே சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைக்க முனைந்தார். எதற்காக? கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் கோச்சினீல் பூச்சியை வளர்க்க. அதை உலர்த்தி அரைத்தால் செந்நிறச் சாயம் கிடைக்கும். மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியர்களுக்கு அதனால் பெரும் வருவாய்; கம்பெனிக்கும் அதே ஆசை.

1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். ஆனால் அது உயர்ந்த சாயம் தரும் இனமன்று. சாயத் தொழில் தேறவில்லை. பூச்சியோ பெருகி, ஒருவகைக் கள்ளியை உறிஞ்சியே அழித்தது. இதைக் கண்டு 1836–38 ஆண்டுகளில் தென்னிந்தியாவிலும் அப்பூச்சியை வேண்டுமென்றே விட்டனர். களையை ஒழிக்கப் பூச்சியை ஏவிய மிகப் பழைய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

ஆயினும் வேறொரு கள்ளி எஞ்சியது. வேலிக்குப் பயன்பட்ட அந்த நாகதாளி நிலமெங்கும் பரவியது. வெட்டி எறிந்த துண்டுகளும் வேர்விட்டன. பழைய பூச்சியால் அதை அடக்க முடியவில்லை. பூட்டுக்கேற்ற சாவி வேண்டுமல்லவா? 1926-இல் கோச்சினீலின் மற்றோர் இனம் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது.

கள்ளியைத் தாக்கிய பூச்சி நமக்கு நண்பன். பயிரையே தாக்கும் பூச்சி வந்தால்? 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. அது மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி ஆகியவற்றையும் தாக்கியது. அதன் உடலை மூடிய மெழுகைத் தாண்டி மருந்து எளிதில் உள்ளே செல்லாது. 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சிறு குளவி தருவிக்கப்பட்டு, சோதனைக்குப் பின் தோட்டங்களில் விடப்பட்டது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். மாவுப்பூச்சியின் கொட்டம் அடங்கியது.

வீரியமான நஞ்சைத் தெளித்தால் இக்குளவியும் மடியும். பகை தப்பும், நண்பன் சாவான்!

இனி உங்கள் செம்பருத்தியில் வெண்மையாக ஏதேனும் ஒட்டியிருந்தால், முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். உலர்ந்து துளை விழுந்த பூச்சிகள் தென்படுகின்றனவா? குளவி வந்து தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். மருந்துப் புட்டியைத் திறக்காதீர்கள். அதற்குச் சற்று அவகாசம் கொடுங்கள்.