எழவு சொல்லாமல் போன மாதர் சங்கம்

கொங்கு நாட்டில் சாவு விழுந்தால் பங்காளி, மாமன் வீடெல்லாம் ஆள் அனுப்பி எழவு சொல்வார்கள். ஊருக்கு ஊர் இருந்த மாதர் சங்கம் செத்ததை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

1952 அக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் பிள்ளை அது. ஒன்றிய ஆபீசிலிருந்து கிராம சேவிகா வருவார். தையல் மிஷின், புகையில்லா அடுப்பு, பிள்ளை வளர்ப்பு என்று பாடம் நடக்கும். எல்லாம் பெண்ணைத் திரும்ப அடுப்படிக்கே அனுப்பும் பாடங்கள்தான். தலைவி பெரும்பாலும் பண்ணாடி வீட்டம்மா. காலனிப் பெண்கள் திண்ணை தாண்டியது அபூர்வம். இரங்கல் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கோயில், கல்யாணம், கருமாதி தவிர வேறொரு காரியத்துக்காகப் பெண்கள் கூடி உட்கார்ந்த முதல் இடம் பல ஊர்களில் அதுதான்.

1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் வந்தன. 1997-98இல் அந்த முயற்சி மகளிர் திட்டமாகி மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. சங்கம் ஒருநாளும் தராத பாஸ்புக்கைக் குழு தந்தது. சங்கம் தோற்றதில் நியாயம் உண்டு. என்ன, இப்போது கூட்டம் என்றாலே தவணைப் பேச்சு.

போனதில் பெரிய நஷ்டம் பெயர்கள். 1917இல் அடையாறில் பிறந்த இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்கள் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா என்று நமக்குத் தெரிகிறது. அந்தச் சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மா’ பத்திரிகை ஆய்வாளர் கைக்குக் கிடைத்தது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குப் போன பெரியாரின் மனைவி நாகம்மையும் சகோதரி கண்ணம்மாளும் மறக்கப்படவில்லை. பிறகு ‘குடிஅரசு’ தலையங்கத்துக்காகப் பெரியாரோடு கண்ணம்மாளும் சிறை போனார், பத்திரிகையை வெளியிட்டவர் அவர் என்பதால். அச்சில் ஏறாத பெண்களை என்ன செய்வது? கோவையில் பிறந்த வரலாற்றாய்வாளர் சி.எஸ்.லக்ஷ்மி, நம் அம்பை, 1988இல் மும்பையில் ‘ஸ்பாரோ’ காப்பகத்தைத் தொடங்கிப் பெண்களின் குரலையும் படத்தையும் சேர்க்கலானார். அந்த வேலை நம் ஊர்ச் சங்கங்களுக்கு நடக்கவில்லை. அவற்றுக்கு இருந்த ஒரே சாட்சி தீர்மான நோட்டு. கையெழுத்தும் கைநாட்டுமாக அதில்தான் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள்.

உங்கள் ஆத்தாவோ அப்புச்சி வீட்டு அம்மாயியோ சங்கத்தில் இருந்திருந்தால் அட்டாலியில் ஏறி அந்த நோட்டைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். முதல் பக்கத்தைப் போட்டோ எடுங்கள். அந்த ஆத்தாவோ அம்மாயியோ உயிரோடிருந்தால், சங்கத்தை ஆரம்பித்தது யார் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.