சான் மரினோவின் இருபது ஆண்டுக் காத்திருப்பு

உதைபந்தாட்ட வரலாறு பெரும்பாலும் வென்றவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தோல்வியையே வழமையாகக் கொண்ட ஓர் அணியைப் பற்றி எழுத எவரும் முன்வருவதில்லை. ஆயினும் சான் மரினோவின் கதை எழுதப்பட வேண்டிய ஒன்று.

நாற்புறமும் இத்தாலியால் சூழப்பட்ட இக்குடியரசின் பரப்பளவு 61 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. சனத்தொகை ஏறத்தாழ 34,000. 1988 இல் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் இணைந்த இந்நாடு, 1990 நவம்பரில் ஐரோப்பியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியொன்றில் சுவிற்சர்லாந்திடம் 0-4 எனத் தோற்றுத் தன் பயணத்தைத் தொடங்கியது. வீரர்களுள் பெரும்பாலானோர் பகலில் வேறு தொழில் பார்த்து, மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். மாசிமோ பொனினி போன்றோர் விதிவிலக்குகள். 1985 இல் ஜுவென்டஸ் கழகத்துடன் ஐரோப்பியச் சம்பியன் கிண்ணத்தை வென்ற அவர், தன் நாட்டுக்கென ஓர் அணி உருவானபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார்.

1993 இவர்களுக்கு மறக்கவியலாத ஆண்டு. மார்ச் மாதம் துருக்கியுடன் கோலின்றிச் சமநிலை கண்டு, உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் முதற் புள்ளியைப் பெற்றனர். நவம்பரில் பொலோஞ்ஞா நகரில் இங்கிலாந்துடனான ஆட்டம் தொடங்கி 8.3 செக்கன்களில் டேவிட் குவால்ட்டியேரி கோல் அடித்தார். இறுதியில் இங்கிலாந்து 7-1 என வென்றபோதும், அடுத்த ஆண்டின் உலகக் கிண்ணத்திற்கு அது தகுதி பெறவில்லை. இன்று பலரும் நினைவுகூர்வது அந்த முதற் கோலைத்தான்.

2004 ஏப்ரலில் லீக்டென்ஸ்டைனுடனான சிநேகபூர்வ ஆட்டத்தில் அன்டி செல்வாவின் கோலால் முதல் வெற்றி கிட்டியது. பின்னர் நீண்ட வரட்சி. 2006 இல் ஜேர்மனியிடம் 0-13 தோல்வி. 2016 இலும் அதே ஜேர்மனி 8-0 என வென்றபோது, இத்தகைய ஆட்டங்களுக்கும் தொழில்முறை உதைபந்தாட்டத்திற்கும் தொடர்பில்லை என்ற கருத்தை தோமஸ் முல்லர் வெளியிட்டார். சிறிய நாடுகளுக்கு முன்கூட்டியே தனிச்சுற்று நடத்தி வடிகட்ட வேண்டுமென்ற வாதமும் அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது.

அந்த வாதத்தில் நியாயமே இல்லையென ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தவறு சிறிய அணிகளிடம் இல்லை. போட்டி வகுக்கப்பட்ட முறையிலேயே இருந்தது. 2018 இல் ஆரம்பமான நேஷன்ஸ் லீக், ஏறத்தாழ ஒரே தரத்திலுள்ள அணிகளை ஒருவரோடொருவர் மோதவிட்டது. அதன் பலன் 2024 செப்டெம்பர் 5 ஆம் திகதி தெரிந்தது. 140 போட்டிகள் வெற்றியின்றிக் கழிந்த பின்னர், சான் மரினோ மீண்டும் லீக்டென்ஸ்டைனை 1-0 என வீழ்த்தியது. கோலடித்த நிக்கோ சென்சோலி 19 வயது இளைஞர். 2004 வெற்றியின்போது அவர் பிறந்திருக்கவேயில்லை. நவம்பரில் வடூஸ் நகரில் 3-1 எனவும் வென்று, தன் பிரிவில் முதலிடம் பெற்று அடுத்த தரத்திற்கு உயர்ந்தது அந்த அணி.

தோற்பவர்களை மைதானத்திலிருந்து அகற்றுவது இலகு. அவர்களும் வெல்லக்கூடிய ஒரு களத்தை அமைத்துக் கொடுப்பதே கடினம். அக்களம் அமைந்த ஆறே ஆண்டுகளில் சான் மரினோ அதற்கான விடையை அளித்துவிட்டது.