இரு கண் படங்கள்

கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1856-ல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் புறப்பட்டு திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். அவர் பெயர் நிலைத்தது இப்படிப்பட்ட பெரிய படங்களால்தான். ஆனால் 1858-ல் மதுரைக்கு ஒன்றும் திருச்சி, தஞ்சை வட்டாரத்துக்கு ஒன்றுமாக இரண்டு ஸ்டீரியோ படத் தொகுப்புகளையும் வெளியிட்டார்.

மனிதனின் இரு கண்களுக்கிடையே ஏறத்தாழ 65 மி.மீ. இடைவெளி, அதனால் இரண்டும் ஒரே பொருளைச் சற்று வேறாகக் காண்கின்றன. அந்த இரு காட்சிகளையும் தனித்தனியே காட்டினால் மூளை ஆழத்தை உணரும் என்று 1838-ல் அறிவியலாளர் வீட்ஸ்டோன் விளக்கினார். அதுதான் ஸ்டீரியோ படத்தின் அடிப்படை. ஒரே கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி இருமுறை எடுத்தாலும் போதும், எதிரே கோபுரம் இருந்தால்! சந்தைக் கூட்டம் என்றால் இரண்டாவது படத்துக்குள் ஆட்கள் இடம் மாறிவிடுவார்கள். அன்றாட வாழ்க்கையைப் பிடிக்க இரட்டை லென்ஸும் விரைவான தகடும் வேண்டும். டிரைப் தேடியதோ, அழியுமுன் பதிவு செய்ய வேண்டிய கட்டடங்களையும் சிற்பங்களையும். 1859-ல் ஆளுநராக வந்த டிரெவெலியன், செலவு அதிகம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

அதே 1859-ல் ஒளிப்படக்காரர் பியர் ரோசியே லண்டன் நிறுவனமொன்றுக்காக ஜப்பானில் ஸ்டீரியோ படம் எடுத்தார். பின்னாளில் யோகோஹாமாவின் எனாமி அங்குள்ள தெருவையும் உழைப்பையும் எடுத்தார். விரைவான உலர்தகடு வந்தபின் இந்தியாவிலும் மக்கள் படத்துக்குள் வந்தார்கள். பலர் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் என்பதையும் மறக்கலாகாது.

இந்தியாவை 100 ஸ்டீரியோ படங்களில் காட்டும் அண்டர்வுட் நிறுவனத் தொகுப்பின் நூல் 1907-ல் வந்தது. எழுதியவர் ஜேம்ஸ் ரிகல்டன். அமெரிக்கப் பள்ளி ஆசிரியர். மின்விளக்கு இழைக்கு ஏற்ற மூங்கில் தேடி 1888-ல் எடிசன் கிழக்கே அனுப்பியதும் இவரைத்தான். இலங்கையும் இந்தியாவும் அப்போதே அவருக்குப் பழக்கம். தொகுப்போடு வந்த வரைபடம், பார்ப்பவர் எங்கே நின்று எத்திசையில் நோக்குகிறார் என்று கோடிட்டுக் காட்டியது. நெகட்டிவ்கள் பிறகு கீஸ்டோன் நிறுவனத்துக்குக் கைமாறின. அந்தச் சேகரிப்பு இன்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாக அருங்காட்சியகத்தில் இருக்கிறது.